இருபத்தாறாவது சொல்

உடப்பில் கரைவலை இழுத்து முடிந்த ஒரு காலை. வாடைக்காலம். மடியில் விழுந்தது இரண்டு கூடை சூடையும் கொஞ்சம் காரலும்தான். பெரியப்பா வலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஏறி வந்து வாடி நிழலில் குந்தினார். சாரத்து மடிப்பில் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போன் சிணுங்கியது. உப்புத் தண்ணீர் பட்ட விரலுக்குத் தொடுதிரை மசியாது. ஆகவே திரையில் தானாக வந்து நின்ற வரிகளை மட்டும் வாசித்தார். கடைசி வரியில் இருந்தது இவ்வளவுதான்: “மீனவர்கள் கடலுக்குச் செல்ல”. அதற்குப் பின் மூன்று புள்ளி.

“செல்ல... என்ன? போகலாமா, வேணாமா? பாதியில நிக்குதே தம்பி. எழுதினவன் சோறு தின்னப் போயிட்டானா?”

எழுதியவர் முழுவதும்தான் எழுதியிருப்பார். நடுவில் எங்கோ ஒரு நிரல், சொற்களை எண்ணிக்கொண்டு வந்து, அளவு முடிந்த இடத்தில் கத்தி வைத்திருக்கிறது. எந்தச் செயலி என்பது இங்கே தேவையில்லை. உரைகளை இணையத்துக்கும் கைபேசிக்கும் ஏற்றபடி வெட்டித் தைப்பதே என் பிழைப்பு என்பதால், இதே தவறை நானும் பலமுறை செய்திருக்கிறேன். பெரியப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

தீவைச் சுற்றியுள்ள கடலை எச்சரிக்கைகளில் ஊர்ப்பெயர்களால்தான் அளப்பார்கள். இந்த ஊரிலிருந்து அந்த ஊர் ஊடாக இன்ன ஊர் வரை என்று கரை நெடுகப் பெயர்கள் வரும். சிலாபம், கற்பிட்டி, புத்தளம் பக்கத்து ஆட்களுக்குக் காது முதலில் தேடுவது தங்கள் பெயர் அந்த வரிசைக்குள் விழுகிறதா என்பதைத்தான். அந்த நடையில் நானே ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் அல்ல இது, ஆனால் கேட்டுப் பழகிய நடை:

“புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசந்துறை வரையான கடற்பரப்புகளில் காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 60 கி.மீ. வரை அதிகரிக்கலாம். அலைகள் 2.5 மீற்றர் வரை எழக்கூடும். மறு அறிவித்தல் வரும் வரை மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.”

எண்ணினால் முதல் வாக்கியத்தில் 13 சொல், இரண்டாவதில் 5, மூன்றாவதில் 8. மொத்தம் 26. சொல் எல்லை 25 என்று வைத்தால் வெட்டு விழும் இடம் “செல்ல” என்பதற்கும் “வேண்டாம்” என்பதற்கும் நடுவில். செய்தி முழுவதும் எதற்காக அனுப்பப்பட்டதோ அந்த ஒரு சொல் மட்டும் வெளியே நிற்கிறது.

ஆங்கிலத்தில் இதே செய்தியை வெட்டினால் சேதம் வேறு மாதிரி இருக்கும். அங்கே மறுப்பு வினைக்கு முன்னே வந்துவிடும். வால் போனாலும் தலை தப்பும். தமிழில் தலையே வாலில்தான் இருக்கிறது. யார், எங்கே, எப்போது, எதை என்று எல்லாம் வரிசையாக வந்து முடிந்தபின்தான் போகலாமா கூடாதா என்ற தீர்ப்பு வரும். சிங்களமும் அப்படியே. “முஹுதட்ட யன்ன எபா” என்பதில் “எபா”தான் வேண்டாம், அதுவும் கடைசியில். இரண்டு மொழியும் கலந்து பேசும் புத்தளம் கரையில் எந்த மொழியில் வெட்டினாலும் வெட்டுப்படுவது அதே உறுப்பு. இன்னொன்றையும் பாருங்கள். “வேண்டும்”, “வேண்டாம்” இரண்டுக்கும் “வேண்” வரை எழுத்துகள் ஒன்றே. சொல்லுக்கு நடுவே வெட்டும் நிரல் “செல்ல வேண்” என்று நிறுத்தினால், வாசிப்பவர் தனக்குப் பிடித்ததை நிரப்பிக்கொள்வார். பாடு கிடைக்காத நாளில் எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். “செல்ல” என்பது வினையெச்சம். எச்சம் என்றால் மிச்சம், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாக்கியைத் தீர்த்து வைப்பது வினைமுற்று. ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. புள்ளியும் இடைவெளியும் அச்சோடு வந்து நிலைத்த பழக்கம். அதற்கு முன் வாசித்தவர்களுக்கு வாக்கியம் முடிந்ததைச் சொன்னது முற்றேதான். எச்சத்தில் நிறுத்தினால் வாக்கியம் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். நிரலுக்குத்தான் தெரியாது.

சரி, நிரலுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

எச்சரிக்கைகள் கணினிக்குக் கணினி பயணப்படும்போது பெரும்பாலும் எக்ஸ்எம்எல் என்ற உருவில் இருக்கும். மீன் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது போல உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்கும் முறை அது. பேரிடர் எச்சரிக்கைக்கென்றே இதில் ஓர் உலகப் பொதுவடிவம் உண்டு. பொது எச்சரிக்கை நெறிமுறை என்று பெயர், சுருக்கமாக சிஏபி. 2004-இல் ஒயாசிஸ் என்ற தர அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. இப்போது வழக்கத்திலுள்ள 1.2 பதிப்பு 2010-இல் வந்தது. தலைப்பு, விவரணம், செய்ய வேண்டியது, இடம், அவசரம், கடுமை எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிச் சீட்டு. ஒரே எச்சரிக்கையை எத்தனை மொழியில் வேண்டுமானாலும் அடுத்தடுத்த கட்டுகளாகக் கட்டி அனுப்பலாம்.

இலங்கைக்கு இது புதிய பொருள் அல்ல. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து, கடைசிக் கிராமம் வரை எச்சரிக்கையைக் கொண்டு சேர்ப்பது எப்படி என்று 32 கடலோரக் கிராமங்களில் சோதித்தன. செய்மதி வானொலி, கைத்தொலைபேசி, அலறும் கருவி என்று பலவற்றை அடுக்கிப் பார்த்த அந்தத் திட்டத்தில் சிஏபி வடிவமும் சோதனைக்கு வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 2009-இல் கைத்தொலைபேசி வழியாக எச்சரிக்கும் வலையமைப்பொன்றும் தொடங்கப்பட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து புத்தளம் மாவட்டத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியபோது ஊரெல்லாம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டித்வா என்பது யேமனின் சொக்கோத்ராத் தீவிலுள்ள ஒரு களப்பின் பெயராம். களப்போரத்தில் வாழும் எங்களுக்கு அந்தப் பெயரில் ஒரு கசப்பான உறவு ஒட்டிக்கொண்டது.

சீட்டு ஒட்டிய அந்த உரையை எடுத்து இணையப் பக்கமாகவோ சிறு குறிப்பாகவோ கைபேசிச் செய்தியாகவோ உருமாற்றும் மொழிதான் எக்ஸ்எஸ்எல்டி. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 நவம்பர் 16-இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. அதைத் தொகுத்தவர் ஜேம்ஸ் கிளார்க் என்ற பிரித்தானியர், தாய்லாந்தில் குடியேறியவர். வேடிக்கை என்னவென்றால், தாய் மொழி எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை, முற்றுப்புள்ளியும் வைப்பதில்லை. இனிச் சொல்லப்போகும் தந்திரங்களில் ஒன்றுகூட அந்த மொழியில் செல்லாது.

முதல் வேலை, சொல்லை எண்ணுவது. முதல் பதிப்பில் சொல் எண்ணும் வசதி கிடையாது. ஆனால் எழுத்துக்குறிகளை எண்ணலாம், ஒரு குறியை உரை முழுவதிலிருந்தும் களையலாம். இந்த இரண்டை வைத்தே ஒரு பழைய வித்தை. முதலில் உரையின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை ஒழித்து, நடுவிலுள்ளவற்றை ஒவ்வொரு இடைவெளியாகச் சுருக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளை உண்டு. பிறகு “மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்பதை எண்ணினால் 35 குறி. இடைவெளிகளைக் களைந்துவிட்டு எண்ணினால் 32. வித்தியாசம் 3. ஒன்றைக் கூட்டினால் 4 சொல். சொற்களைத் தொடாமலே, அவற்றுக்கு நடுவிலுள்ள வெறுமையை எண்ணிச் சொல்லைக் கண்டுபிடிப்பது. வேலிக்கு எத்தனை கதியால் நட்டிருக்கிறது என்று இடைவெளியை எண்ணிச் சொல்வது போல.

35 எப்படி வந்தது என்று விரல் விட்டுப் பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள். நாம் எண்ணினால் மீ, ன, வ, ர், க, ள் என்று அந்த நான்கு சொல்லிலும் 19 எழுத்துத்தான். கணினிக்கு “மீ” ஓர் எழுத்து அல்ல, மகரமும் ஈகாரச் சுழியும் சேர்ந்த இரண்டு குறி. “ர்” என்பது ரகரமும் புள்ளியும். இந்தக் கணக்கு பின்னால் நம்மைக் கடிக்கப் போகிறது, நினைவில் வையுங்கள்.

அடுத்து வெட்டும் வேலை. இங்கேதான் எக்ஸ்எஸ்எல்டியின் குணம் தெரியும். வேறு மொழிகளில் எழுதுபவர் ஒரு மாறியில் பூச்சியத்தை வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதைக் கூட்டிக்கொண்டே போவார். எக்ஸ்எஸ்எல்டியில் மாறி மாறாது. ஒருமுறை மதிப்பு வைத்தால் வைத்ததுதான். அதற்கு நாம் மாறி என்று பெயர் வைத்திருப்பது தமிழின் குறும்பு. அப்படியானால் கணக்கை எங்கே வைப்பது? வார்ப்புரு என்ற கட்டளைத் தொகுதி தன்னைத் தானே மறுபடி அழைக்க வேண்டும். அழைக்கும்போது புதிய கணக்கைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். கரைவலை இழுக்கையில் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் அதை வாங்கிக்கொண்டு மேலே போவார் அல்லவா, அந்த மாதிரி. முதல் அழைப்புக்கு முழு உரையும் பூச்சியமும் கொடுக்கிறோம். அது முதல் புள்ளிக்கு முன்னுள்ள பகுதியைப் பிரிக்கிறது, சொல்லை எண்ணுகிறது, கையிலுள்ள கணக்கோடு கூட்டிப் பார்க்கிறது. எல்லைக்குள் இருந்தால் அந்த வாக்கியத்தை வெளியே எழுதிவிட்டு, மீதி உரையையும் புதிய கூட்டுத்தொகையையும் அடுத்த அழைப்புக்குக் கொடுக்கிறது. எல்லை தாண்டினால் எதையும் எழுதாமல், யாரையும் அழைக்காமல் நின்றுவிடுகிறது. வாக்கியத்தின் நடுவே கத்தி விழவே வழியில்லை.

தாளில் அழகாகத்தான் இருந்தது. என் மாதிரிச் செய்தியை அதில் ஓட்டினேன். புள்ளியும் அதையடுத்து ஓர் இடைவெளியும் சேர்ந்து வந்தால் வாக்கியம் முடிந்தது என்பது நான் கொடுத்த விதி. எல்லை 25. வெளியே வந்தது முதல் இரண்டு வாக்கியம், 18 சொல். எதிர்பார்த்தது அதுதான். திருப்தியோடு எழுந்து போய்த் தேநீர் குடித்திருக்கலாம். ஏதோ உறுத்த, எல்லையை 12 ஆக்கிப் பார்த்தேன். முதல் வாக்கியமே 13 சொல் என்பதால் ஒன்றும் வரக்கூடாது. வந்தது: “...காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 60 கி.மீ.” கி.மீ. என்பதற்குப் பின்னும் புள்ளி, இடைவெளி. நிரல் அதை வாக்கிய முடிவென்று எடுத்து 11 சொல்லில் முழு வாக்கியம் ஒன்று கிடைத்ததாக நினைத்துவிட்டது. முதலில் வந்த சரியான விடையும் தவறான வழியில்தான் வந்திருக்கிறது: 11, 2, 5 என்று மூன்று துண்டு, கூட்டினால் 18.

பிறகு எல்லையை 30 ஆக்கினேன். 26 சொல்லும் தாராளமாக அடங்க வேண்டும். வந்தது அதே 18. “வேண்டாம்” மறுபடி காணாமல் போய்விட்டது. இந்தமுறை இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. காரணம் அற்பமானது. கடைசி வாக்கியத்தின் புள்ளிக்குப் பின் எதுவும் இல்லை. வெற்றிடம் துடைக்கும் கட்டளையே உரையின் கடைசி இடைவெளியையும் துடைத்துவிட்டது. புள்ளியும் இடைவெளியும் சேர்ந்த குறியைத் தேடி, அது இல்லாததால் நிரல் வெறுமையைத் திருப்பிக் கொடுத்தது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உரையின் கடைசியில் வேண்டுமென்றே ஓர் இடைவெளியை ஒட்டியதும் சரியாகிவிட்டது. ஒற்றை வெற்றிடம். அது இல்லாவிட்டால் எல்லாச் செய்தியிலும் கடைசி வாக்கியம் சத்தமில்லாமல் உதிரும்; தமிழ் எச்சரிக்கையில் கடைசி வாக்கியம் என்றால் என்னவென்று பார்த்தோம்.

கி.மீ. கதை அவ்வளவு சுலபமில்லை. கி.மீ., மி.மீ., மு.ப., பி.ப., ரூ., திரு. என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றின் புள்ளியை மட்டும் தற்காலிகமாக யாரும் பயன்படுத்தாத ஒரு குறியாக மாற்றி, வெட்டி முடித்தபின் திருப்பி வைக்கலாம். யூனிகோடு அட்டவணையில் இத்தகைய சொந்த வேலைகளுக்கென்றே காலியாக விட்ட பகுதி உண்டு. எக்ஸ்எஸ்எல்டி முதல் பதிப்பில் சொல்லுக்குச் சொல் மாற்றும் கட்டளை இல்லாததால் அதற்கும் தன்னைத் தானே அழைக்கும் ஒரு வார்ப்புரு எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் பட்டியல் முடியாது. ஆட்பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றனவே! புத்தளத்தில் பெயருக்கு முன் இரண்டு மூன்று முதலெழுத்து இல்லாத மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓரெழுத்துக்குப் பின் வரும் புள்ளி வாக்கிய முடிவாகாது என்று விதி செய்தால் என்ன? நன்னூல் குறுக்கே வந்து நிற்கும். ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று அது கணக்குச் சொல்கிறது. “வா.” ஒரு முழு வாக்கியம். “போ.” இன்னொன்று. ஓர் எழுத்தில் கட்டளை முடியும் மொழியில் அந்த விதி நிற்காது.

ஆங்கிலத்துக்கு இந்த இடத்தில் ஒரு துணை உண்டு: வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கும். புள்ளிக்குப் பின் சின்ன எழுத்து வந்தால் வாக்கியம் முடியவில்லை என்று கொள்ளலாம். உலக எழுத்துகள் அனைத்துக்கும் வாக்கிய எல்லை காணும் விதிகளைத் தரும் யூனிகோடின் 29-ஆம் இணைப்பும் அந்தத் துணையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. எண்ணுக்கு நடுவிலுள்ள புள்ளியை அது காப்பாற்றும். ஆகவே நம் 2.5 பிழைக்கும். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை சின்ன எழுத்தும் இல்லை, எனவே அதன் பொதுவிதிகளை அப்படியே பின்பற்றினால் “கி.மீ.” என்பது கியோடு ஒருமுறை, மீயோடு ஒருமுறை உடையும். புள்ளியை விட்டுவிட்டு முற்றைத் தேடச் சொல்லலாமே என்று தோன்றும். அதுவும் வழுக்கும். “வந்தது” முற்றாகவும் வரும், வந்த பொருளுக்குப் பெயராகவும் வரும். “வேண்டாம் என்று சொன்னார்” என்பதில் வேண்டாம் முற்றுத்தான், ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை.

நான் கடைசியில் செய்தது நிரலில் இல்லை, எழுத்தில். எழுதித் தருபவர்களிடம் கி.மீ. என்று சுருக்காமல் கிலோமீற்றர் என்று விரித்து எழுதச் சொன்னேன். சொல் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. பாதித் தொல்லை அன்றோடு போயிற்று.

2007 ஜனவரியில் மைக்கேல் கே தொகுத்து வெளிவந்த இரண்டாம் பதிப்பில் உரையைத் துண்டாக்கும் கட்டளைகளும் வடிவத்தை வைத்துத் தேடும் வசதியும் வந்துவிட்டன. 2017-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கணக்கை ஏந்திக்கொண்டே நடந்து எல்லை வந்ததும் பாதியில் நிறுத்தும் சுற்றே இருக்கிறது. இன்று எழுதுபவர் அவற்றையே எடுக்கலாம். இணைய உலாவிகள் மட்டும் முதல் பதிப்பைத் தாண்டவே இல்லை. அதையும் எடுத்துவிடப் போவதாக 2025-இல் குரோம் அறிவித்துவிட்டது. சேவையகத்தில் ஓடுவதற்குத் தடையொன்றும் இல்லை.

இத்தனை பாடுபட்டு வாக்கியத்தை முழுசாக வைத்தால், 25 சொல் எல்லைக்கு என்ன கிடைத்தது? காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்ற இரண்டு நேர்த்தியான வாக்கியம். போக வேண்டாம் என்பது முன்பு பாதியாவது தெரிந்தது, இப்போது சுவடே இல்லை. பெரியப்பா குறைந்தபட்சம் “செல்ல... என்ன?” என்று கேட்டார். இதை வாசித்திருந்தால் கேட்கவே மாட்டார். காற்று 60 என்றால் அவருக்குப் பெரிதாகத் தோன்றாது. சோழகக் காற்றில் தோணி ஏறியவர். அரைகுறை வாக்கியம் தன் காயத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒழுங்காகத் தைத்த வெட்டு அதை மறைத்துவிடும். என் தொழிலில் எனக்குப் பயம் தருவது இரண்டாவதுதான்.

சிஏபி வகுத்தவர்கள் செய்ய வேண்டியதைத் தனிச் சீட்டில் வைத்தது இதனால்தான் போலும். நிரல் விவரணத்தை வெட்டத் தொடங்குமுன் அந்தச் சீட்டை எடுத்து முன்னால் வைத்துவிட வேண்டும். எக்ஸ்எஸ்எல்டியில் அது ஒரு வரி வேலை. தலைப்புக்கு 160 குறி வரை ஏற்ற அளவாக இருக்கலாம் என்று சிஏபி ஏட்டிலேயே ஒரு குறிப்பு உண்டு. அந்த 160-க்கு ஒரு கதை இருக்கிறது. 1985-இல் ஜெர்மனியின் பொன் நகரில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியியலாளர் தட்டச்சுப் பொறியில் மனதில் தோன்றிய வாக்கியங்களை அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை குறி என்று எண்ணிப் பார்த்தாராம். அநேகமாக எல்லாம் 160-க்குள் அடங்கின. எஸ்.எம்.எஸ்.ஸின் அளவு அதுவே ஆயிற்று. அவர் முன்னால் இருந்தது ஐரோப்பிய எழுத்து. ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1120 பிட். ஒரு குறிக்கு 7 பிட் என்றால் 160 குறி. தமிழுக்கு ஒரு குறிக்கு 16 பிட் வேண்டும். வகுத்துப் பாருங்கள், 70. அந்த 70-உம் எழுத்து அல்ல, குறி. கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியாகக் கழியும்.

சொல் எல்லை இங்கே ஏமாற்றும். “செல்ல வேண்டாம்” இரண்டு சொல், “செல்லவேண்டாம்” ஒரு சொல். இருவர் இரண்டு விதமாக எழுதுவார்கள், இரண்டும் சரி. 25 சொல் என்பது தமிழில் ஒரு நாள் 150 குறியாகவும் மறுநாள் 250 குறியாகவும் இருக்கும். என் மாதிரிச் செய்தியைக் குறிக் கணக்கில் எடுத்தால் 230. ஒன்றுக்கு மேற்பட்ட துண்டாகப் போகும் செய்தியில் ஒவ்வொரு துண்டும் தன் வரிசையைச் சொல்ல இடம் பிடித்துக்கொள்வதால் துண்டுக்கு 67 குறிதான். ஆக நான்கு துண்டு. நான்கும் வந்து சேர்ந்தால்தான் போன் ஒட்டித் தரும். பத்தலங்குண்டுத் தீவின் வாடியில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும் இடத்தில் நான்கும் ஒழுங்காக வரும் என்று யார் பொறுப்பேற்பது? அமெரிக்காவில் கைபேசி அவசர எச்சரிக்கைக்கு முதலில் 90 குறிதான் கொடுத்திருந்தார்கள். அது போதவில்லை என்று 2019-இல் 360 ஆக்கினார்கள். அங்கே மறுப்பு முன்னால் வரும் மொழிக்கே அந்த நெருக்கடி.

முதல் 70 குறிக்குள் என் செய்தியில் என்ன அடங்குகிறது என்று எண்ணினேன். “புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசந்துறை வரையான கடற்பரப்புகளில்.” புள்ளியை விட்டுவிட்டால் சரியாக 70. ஒரு முழு எஸ்.எம்.எஸ். இடம் சொல்வதற்கே போய்விட்டது. எங்கே என்பது தெரிகிறது, என்ன என்பது தெரியவில்லை.

கற்பிட்டியில் 1807-இல் பிறந்த சைமன் காசிச்செட்டி தன் 27-ஆவது வயதில், 1834-இல், இலங்கை முழுவதையும் அகரவரிசையில் ஊர் ஊராகச் சுருக்கி ஒரு நூலாக்கினார். அதில் ஒவ்வொரு பதிவும் ஊர்ப்பெயரில் தொடங்கும். தேடி வருபவருக்கு முதலில் வேண்டியது அதுதான். அகராதி ஒழுங்கு எச்சரிக்கைக்கும் பொருந்துமா என்று பார்க்க, கரை வரிசையை விட்டுவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் தலையில் வைத்து, செய்ய வேண்டியதை அதை ஒட்டி எழுதினேன். மூன்றாவது வாக்கியம் புள்ளியோடு 61 குறி. மிச்சம் 9. “புத்தளம்” என்பதற்கு 8 குறி. அதற்குப் பின் முக்காற்புள்ளி ஒன்று, இடைவெளி ஒன்று. மொத்தம் 71. ஒரு குறி அதிகம்.

முக்காற்புள்ளியை எடுக்கலாம். எடுத்தால் “புத்தளம் மறு அறிவித்தல்” என்று பெயர் செய்திக்குள் கலந்துவிடுகிறது. இரண்டு சொல்லை ஒட்டி ஓர் இடைவெளியை மிச்சப்படுத்தலாம். வாசிக்க நெருடும். கடைசியில் முற்றுப்புள்ளியை எடுத்தேன். நிரல் வெட்டி முடித்தபின் அதற்கு வேலை இல்லை. வாசிப்பவருக்கும் இல்லை, “வேண்டாம்” தானே முற்று.

“புத்தளம்: மறு அறிவித்தல் வரும் வரை மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்”

70 குறி, ஒரே துண்டு. பெரியப்பாவின் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். பூட்டிய திரையில் மூன்று புள்ளி இல்லாமல் முழுதாக நின்றது. பத்து நிமிடம் கழித்து அவரே எடுத்தார்.

“என்ன தம்பி, இண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்குதே. ஏன் போக வேணாமாம்?”